இப்போது வாசிப்பில்: உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’

இந்த மாதங்களில் என் வாசிப்பு முழுவதையும் பழந்தமிழ்ச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்பு அங்கங்கே புரட்டிப் பார்த்த நூல்தான் என்றாலும், முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக, ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் போகாமல் படிப்பது இதுவே முதல் முறை. இப்படிப் படிக்கும்போது இதன் சுவையே வேறாக இருக்கிறது. 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்த தொடர் என்பதால், ஒவ்வோர் அத்தியாயமும் தனக்கென ஒரு தொடக்கமும் நிறுத்தமும் கொண்டு, ஒரு வேளை வாசிப்புக்கு அளந்து வைத்தாற்போல் அமைந்திருக்கிறது. ஒரே மூச்சில் படித்துத் தள்ள வேண்டிய நூல் அல்ல இது.

உத்தமதானபுரம் என்ற ஊர் உண்டான கதையிலிருந்து நூல் தொடங்குகிறது. ஏகாதசியன்று மறதியாகத் தாம்பூலம் தரித்துவிட்ட தஞ்சை அரசர், அதற்குப் பரிகாரமாக ஓர் அக்கிரகாரத்தை அமைத்துத் தானம் செய்தார் என்ற செவிவழிச் செய்தியை ஐயர் சொல்லும் விதத்திலேயே அவருடைய நடை பிடிபட்டுவிடுகிறது. அவசரப்படாத, அலங்காரம் தேடாத, ஆனால் விவரம் எதையும் நழுவவிடாத நடை. 1855இல் பிறந்தவர் எண்பத்தைந்து வயதை நெருங்கும் காலத்தில் எழுதத் தொடங்கிய இந்நூலில், எந்த ஊரில் எந்த வீட்டுத் திண்ணையில் யாரிடம் என்ன பாடம் கேட்டார் என்பது வரை அத்தனையும் பதிவாகியிருக்கிறது.

என் கருத்தில் இந்நூலின் உயிர் சுவடி தேடிய கதையில் இல்லை. பாடம் கேட்ட கதையில்தான் இருக்கிறது. பொதுவாக உ.வே.சா. என்றதும் ஏட்டுச்சுவடி, கரையான், பதிப்பு என்றே பேச்சு போகும். நூலின் முதற்பாதியோ ஒரு சிறுவன் தமிழ் கற்பதற்காக ஊர் ஊராக அலைந்த வரலாறு. இராமாயணக் கதாகாலட்சேபம் செய்து பிழைத்த தந்தை வேங்கடசுப்பையர், மகனின் படிப்பை முன்னிட்டே குடியிருக்கும் ஊரை மாற்றிக்கொண்டு போகிறார். அரியலூரில் சடகோபையங்காரிடம் தொடக்கம், பிறகு குன்னம், பிறகு செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை என்று பாடம் நகர்கிறது. தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இனி மேலே படிக்க மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் போக வேண்டும் என்று வழிகாட்டிய அந்த ஆசிரியர்களை ஐயர் எவ்வளவு நன்றியோடு நினைவுகூர்கிறார் என்பதைப் படிக்கும்போது, கற்பித்தல் என்ற தொழிலின்மீது எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியது.

1871இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்ந்தது முதல் 1876 வரையிலான பகுதியைப் படித்து முடிக்க நான் வேண்டுமென்றே நாட்களை நீட்டினேன். வேங்கடராமன் என்ற பெயரை விடுத்து, வீட்டில் அழைக்கும் சாமிநாதன் என்ற பெயரையே ஆசிரியர் வழங்கத் தொடங்கியது, கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றதை ஆசிரியர் விரும்பவில்லை என்று தெரிந்ததும் அதை மாணவர் நிறுத்திவிட்டது, பிள்ளையவர்கள் வாயால் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போக மாணவர் ஏட்டில் எழுதியது என ஒவ்வொன்றும் கண்முன் நடப்பதுபோல் இருக்கிறது. அத்தனை பெரிய புலவர் பணமுடையோடே வாழ்ந்தார் என்பதையும் ஐயர் மறைக்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவு இல்லாவிட்டால் அந்தப் பாடசாலை நடந்தே இருக்காது என்பது படிப்பவருக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

பிள்ளையவர்களின் இறுதி வேளையைச் சொல்லும் இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டு மறுநாள்தான் தொடர்ந்தேன். கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பில் சார்த்திக்கொண்டிருக்க, பிராமண மாணவர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தை வாசிக்க, சைவப் பெரும்புலவரின் உயிர் பிரிகிறது. ஐயர் அந்தக் காட்சிக்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லி மேலே போகிறார். அந்தக் கட்டுப்பாடுதான் அவரைப் பெரிய உரைநடை ஆசிரியராக்குகிறது என்பேன்.

அடுத்து வருவது பலரும் அறிந்த 1880ஆம் ஆண்டுச் சந்திப்பு. கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியாரின் இடத்தில் ஆசிரியராக அமர்ந்த சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்பதுதான் அவர் திரும்பக் கேட்டது. பத்தாண்டுக்கும் மேலாகத் தமிழே மூச்சாகக் கற்ற ஒருவர், அந்த நூல்களைத் தம் ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை என்ற நிலையில் நிற்கிறார். என்ன படித்தாய் என்ற ஒரு சாதாரண விசாரிப்பு ஒரு மனிதரின் மீதி வாழ்நாளையே திசைதிருப்பியதை வேறு எங்கும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

சிந்தாமணியைப் புரிந்துகொள்ள அவர் கும்பகோணத்துச் சைனர் வீடுகளைத் தேடிப் போன பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. கல்லூரி ஆசிரியருக்குப் பொருள் விளங்காமல் நின்ற சமணக் கருத்துகளை, அந்த நூலைப் பாராயணமாகவே வாசித்து வந்த குடும்பங்கள் எளிதாகச் சொல்லிக் கொடுக்கின்றன. தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்பதில் ஐயருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அந்தக் கேள்விகளின் பலனாகவே 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

சுவடி தேடும் அத்தியாயங்களில் ஆழ்வார்திருநகரிப் பகுதியை மட்டுமாவது அனைவரும் படிக்க வேண்டும். பத்துப்பாட்டின் மூலத்தைத் தேடித் தேடிச் சலித்த நிலையில், ஓர் இரவு, கவிராயர் ஒருவர் கொண்டுவந்த சுவடியை நிலவொளியிலேயே பிரித்துப் பார்க்கிறார். ‘முல்லைப் பாட்டு’ என்ற பெயர் கண்ணில் படுகிறது. விளக்கு வரும்வரைகூடப் பொறுக்க முடியாத அந்த ஆவலை ஐயர் இரண்டு மூன்று வாக்கியங்களில் முடித்துவிடுகிறார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்த வரலாறு இதன் தொடர்ச்சியாக வருகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதிப்புப் பணி தொடங்கிய பின் சில அத்தியாயங்கள் கடிதங்களும் நன்றியுரைகளுமாக நிறைந்து, முற்பகுதியின் ஓட்டத்தை இழக்கின்றன. வாரத் தொடருக்கே உரிய நினைவூட்டல்கள் நூல் வடிவில் கூறியது கூறலாகத் தெரிகின்றன. வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னாலேயே இருக்கிறார்கள்; தாய் சரஸ்வதி அம்மாளையாவது சில இடங்களில் காண முடிகிறது, மனைவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அக்காலச் சாதி ஒழுங்கு இயல்பான ஏற்பாடாகவே வந்து போகிறது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் இதே காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துக்கொண்டிருந்தவர். அவரோடு நேர்ந்த பிணக்கை ஐயர் தம் பக்கத்திலிருந்தே சொல்கிறார். பிள்ளையின் பதிப்புரைகளையும் உடன் வாசித்தால்தான் அந்தக் காலத்தின் முழு வடிவம் கிடைக்கும்.

1942 ஏப்ரலில் ஐயர் மறைந்ததால், 122 அத்தியாயங்களோடு சரித்திரம் நின்றுபோயிற்று. மணிமேகலைப் பதிப்புக்குப் பிந்தைய நாற்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட வாழ்வு இதில் இல்லை. நூலாக வெளிவந்தது 1950இல்தான்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. இன்று பல பதிப்பகங்கள் இதை அச்சிடுகின்றன. நான் முதலில் வாங்கிய மலிவுப் பதிப்பு ஒன்றில் எழுத்து மிகவும் பொடியாக இருந்ததோடு, செய்யுள் அடிகள் உரைநடையோடு கலந்து அச்சாகியிருந்தன. எது பாட்டு, எது பேச்சு என்று தேடிப் படிக்க வேண்டியிருந்தது. விலை சற்றுக் கூடினாலும், செய்யுட்கள் தனித்து நிற்பதாகவும் பின்னிணைப்பில் பெயர் அகராதி உள்ளதாகவும் பார்த்து வாங்குவது நல்லது. நூற்றுக்கணக்கான மனிதர்கள் வந்து போகும் நூலில் பெயர் அகராதி இல்லாவிட்டால், முன்பு வந்த கவிராயர் இவர்தானா என்ற குழப்பம் அடிக்கடி ஏற்படும். வாங்குமுன் படித்துப் பார்க்க விரும்புவோருக்கு தமிழ் நூல்களை இணையத்தில் தொகுத்து வைக்கும் மதுரைத் திட்டத்தில் மின்னூல் இலவசமாகவே கிடைக்கிறது.

இதற்குத் துணையாக, ஐயர் 1933லும் 1934லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே நிகழ்ச்சியை ஆசிரியரின் வரலாற்றில் எப்படிச் சொன்னார், தம் வரலாற்றில் எப்படிச் சொன்னார் என்று ஒப்பிட்டுப் படிப்பது நல்ல பயிற்சி. ஆசிரியரைப் பற்றிய நூலில் தம்மை ஒதுக்கிக்கொண்டு எழுதுபவர், இங்கே தம் பயத்தையும் பசியையும் ஆசையையும் சேர்த்துச் சொல்கிறார். தமிழ் படிக்கும் கல்லூரி மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் முதலில் ‘என் சரித்திர’த்தின் மாயூரப் பகுதியைப் படித்துவிட்டு, அதே ஆண்டுகளைப் பற்றிப் பிள்ளையவர்கள் சரித்திரத்தின் இரண்டாம் பாகத்தில் படிக்கலாம், நான் இப்போது அந்த வரிசையில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.