நுவரெலியா வாசலுக்கு ஹைட்ரேஞ்சியாவா, மஹா ரத்மலா?

வாசலில் நட இந்த இரண்டு பூச்செடிகளில் எது நல்லது? இரண்டுக்கும் நம் தேயிலை மண்ணின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, பிடிக்கும். முக்கிய வித்தியாசம் வளரும் வேகத்தில்தான்.

ஹைட்ரேஞ்சியாவுக்குக் காசு தேவையில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு மூன்று கணு உள்ள குச்சி ஒன்று கேட்டு வாங்கி, மழைக்காலத்தில் நிழலில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். புளிப்பு மண்ணில் பூ நீலம். சுண்ணாம்பு அடித்த சுவரோரம், அடுப்புச் சாம்பல் கொட்டும் மூலையில் வைத்தால் அதே செடி இளஞ்சிவப்புக்கு மாறும். ஜனவரி, பெப்ரவரி உறைபனியில் இலை கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். தண்ணீர் மட்டும் குறையக்கூடாது. வெயில் நாளில் மத்தியானமே தலை தொங்கிவிடும்.

மஹா ரத்மல், ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கிறதே, அந்த ரோடோடெண்ட்ரான். குளிரும் காற்றும் அதற்குப் பழக்கம். ஆனால் மெதுவாக வளரும் மரம். பூவுக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும். தேசியப் பூங்காவில் பிடுங்குவது குற்றம், நர்சரியில்தான் தேட வேண்டும். வேர் மேலாக ஓடுவதால் அடியில் கொத்தக்கூடாது.

ஆடு வளர்க்கிறீர்களா? ரத்மல் இலை ஆட்டுக்கு விஷம். ஹைட்ரேஞ்சியாவும் தீவனம் அல்ல, சரி, இரண்டுக்குமே வேலி வேண்டும்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல் போன்ற சின்ன இடம் என்றால் நான் ஹைட்ரேஞ்சியாவைத்தான் சொல்வேன். சொந்தக் காணி, அகலமான மூலை இருந்தால் ரத்மல்.