மோட்டார் கொட்டகைக் குளவி, தொட்டிக் கொசு: சில வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. பின்பக்கம் தகரம் போட்ட மோட்டார் கொட்டகை, அதை ஒட்டி சிமெண்ட் தொட்டி, கொஞ்சம் தள்ளி செப்டிக் டேங்க், ஆக கொசுவுக்கும் குளவிக்கும் வாடகையில்லா வீடு. காயில், லிக்விட், பேட் எல்லாம் வாங்கியாச்சு. குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதெல்லாம் உள்ளே வந்துவிட்ட கொசுவுக்கு.

நிஜமாகவே கொசு குறைந்தது செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலையை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டிய பிறகுதான். பொழுது சாய்ந்ததும் மொய்க்கிற கியூலெக்ஸ் கொசு அந்தக் குழாய் வழியாகத்தான் போய் வருகிறது. வெயிலில் வலை நைந்துவிடும், அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் புதுசு மாற்றிவிடுவேன்.

சிமெண்ட் தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறேன். கொசுப் புழுவை ஒன்றுவிடாமல் தின்கிறது, தானே குட்டி போட்டுப் பெருகுகிறது. வாளி, டிரம் விஷயம் வேறு. பகலில் கடிக்கும் டெங்குக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டை ஒட்டும், அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்க்கணும். பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தும் போட்டுப் பார்த்தேன் (பாண்டிச்சேரியில் இருக்கும் கொசு ஆராய்ச்சி மையமே இதில் ஒரு ரகம் கண்டுபிடித்திருக்கிறது). புழு தின்றால்தான் சாகும். கமா மாதிரி வளைந்து குட்டிக்கரணம் போடும் கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. மருந்து போட்டும் கொசு வருதே என்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அப்புறம் குளவி. சித்திரை வெயிலில் தொட்டி விளிம்பில் வரிசையாகத் தண்ணீர் குடிக்கும், கூட்டைக் குளிரவைக்கவும் எடுத்துப் போகும். தொட்டிக்கு வலைமூடி போட்டதும் அந்த நடமாட்டம் பாதிக்கு மேல் குறைந்தது. சுவரில் மண்கூடு கட்டும் குளவியை நான் தொடுவதில்லை, அது சிலந்தி பிடிக்கிற ஜாதி, சீண்டாமல் கொட்டாது. தகரத்தடியில் காகிதம் மாதிரி தொங்கும் கூட்டை ஒற்றைக் குளவி கட்டத் தொடங்கும்போதே துடைப்பக்கட்டையால் தட்டிவிடலாம். பெரிதாகிவிட்டாலோ, கதண்டு என்கிற பெரிய விஷக் குளவி என்றாலோ கை வைக்காதீர்கள், தீப்பந்தமும் வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் இருட்டியபின் வந்து அழித்துவிட்டுப் போவார்கள். கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவது அவரவர் இஷ்டம், முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நேரே ஆஸ்பத்திரி.