யூரியா மூட்டையா, நானோ பாட்டிலா?

மேலுரத்துக்கு, அதாவது பயிர் வளரும்போது போடும் உரத்துக்கு, வழக்கமான யூரியா மூட்டை வாங்குவதா, தண்ணீரில் கலந்து தெளிக்கும் நானோ யூரியா பாட்டில் வாங்குவதா என்று குழம்பி நிற்பவர்களுக்காக இது.

விலை: மானியத்தில் 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய். மானியம் இல்லாத அரை லிட்டர் பாட்டில் சுமார் 225.

சத்து: இங்கேதான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20 கிலோவுக்கு மேல். 2021-இல் இஃப்கோ என்ற உரக் கூட்டுறவு நிறுவனம் கொண்டுவந்த பாட்டிலில் 4 சதவீதம், வெறும் 20 கிராம். பிறகு வந்த ‘பிளஸ்’ பாட்டிலில் 20 சதவீதம் என்றாலும் 100 கிராம்தான். நானோ யூரியாவின் நுண்துகள் இலைத்துளை வழியே நேராக உள்ளே போகும், வீணாகாது என்கிறது நிறுவனம். சரி, இல்லாத சத்தை அது எங்கிருந்து தரும்? பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகச் சோதனையில் பாதித் தழைச்சத்தைக் குறைத்து நானோ தெளித்தபோது நெல், கோதுமை இரண்டிலுமே மகசூல் குறைந்தது.

வேலை: மூட்டை உரத்தைக் கையால் வீசிவிடலாம். நானோவை லிட்டருக்கு 2 முதல் 4 மில்லி கலந்து இலை நனையத் தெளிக்க வேண்டும், கூலி தனி. ஆனால் சுமை இல்லை, பைக்கிலேயே கொண்டு போகலாம்.

நெல், மக்காச்சோளம் என்றால் மூட்டையை விடாதீர்கள். முழு உரமும் போட்ட பிறகு காய்கறிக்குக் கூடுதலாக ஒரு தெளிப்பு பார்க்க நினைப்பவர் பாட்டில் வாங்கலாம். அப்புறம், பாட்டில் எடுத்தால்தான் மூட்டை என்று கடையில் சொன்னால் வேளாண் அலுவலரிடம் புகார் கொடுங்கள். அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது.