பங்கு கொடுப்பதா, வழக்காடுவதா?

‘உங்கள் பாடல் எங்கள் பாடலைப் போல இருக்கிறது’ என்று புகார் வந்தால், இசையமைப்பாளருக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சமரசம். பிரிட்டன் பாடகர் சாம் ஸ்மித்தின் ‘ஸ்டே வித் மீ’ பாடல் 2014இல் வெளியானபோது, அதன் பல்லவி அமெரிக்கப் பாடகர் டாம் பெட்டியின் பழைய பாடலை நினைவூட்டியது. பெட்டியும் அவருடன் அதை எழுதிய ஜெஃப் லின்னும் இணை ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டனர், ஆளுக்கு 12.5 சதவீத உரிமை. வழக்கு தேவைப்படவில்லை. இது தற்செயல்தான் என்று பெட்டியே பெருந்தன்மையோடு சொன்னார்.

மற்றொன்று, நீதிமன்றம். அங்கே முடிவைக் கணிப்பது கடினம். ‘பிளர்ட் லைன்ஸ்’ என்ற பாடல் மறைந்த அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் பாடலைப் போல இருப்பதாக எழுந்த வழக்கில், அவருடைய பிள்ளைகளுக்குச் சுமார் 74 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2015இல் அமெரிக்க நடுவர் குழு தீர்மானித்தது; தொகை பின்னர் குறைக்கப்பட்டது. கே பாடிய வேறொரு பாடலின் இணை ஆசிரியருடைய வாரிசுகள் பாடகர் எட் ஷீரன்மீது தொடுத்த வழக்கிலோ, 2023இல் ஷீரன் வென்றார். சாட்சிக் கூண்டிலேயே கிதார் வாசித்துத் தன் தரப்பை விளக்கினார் அவர்.

மெட்டே ஒத்திருந்தால் பங்கு கொடுப்பதுதான் நேர்மை. ஆனால் எல்லோருக்கும் பொதுவான கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) வரிசைக்கு உரிமை கோரினால், எவ்வளவு செலவானாலும் வழக்காட வேண்டும் என்பேன். அங்கே பணிந்தால், நாளை புதிதாக எழுத வருபவர்களும் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.