சீழ் பிடித்த காலுக்கு வளையமா, சிமெண்டா?

முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்புக்கு பிளேட் வைத்த இடத்தில் சீழ் கட்டிவிட்டால், முதல் வேலை கெட்டதை அகற்றுவதுதான். உலோகத்தை எடுத்துவிட்டு, செத்த எலும்பை, ரத்தம் புள்ளி புள்ளியாகக் கசியும் வரை செதுக்க வேண்டும். செதுக்கி முடித்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் எலும்பே இருக்காது. அதை ஈடுகட்டத்தான் இரண்டு வழிகள்.

பழையது மருத்துவர் இலிசரோவின் வளையம்: காலைச் சுற்றி வெளியே மாட்டி, கம்பிகளால் எலும்போடு பிணைக்கும் உலோகச் சட்டம். சைபீரியாவின் குர்கான் நகரில் 1950களில் உருவானது. 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற வலேரி புருமெல், மோட்டார் சைக்கிள் விபத்தில் சிதைந்த காலுக்குப் பல அறுவைகளுக்குப் பின் சிகிச்சை தேடிப் போனதும் அங்கேதான். நல்ல எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, ஒரு வாரம் போல் விட்டு, அந்தத் துண்டை நாளுக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்துவார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மில்லிமீட்டர். நட்டைத் திருப்புவது பெரும்பாலும் நோயாளியோ வீட்டாரோதான். துண்டு விட்டுச் சென்ற இடத்தில் புது எலும்பு விளையும். 6 சென்டிமீட்டர் நகர இரண்டு மாதம். அது இறுகும் வரை வளையத்தோடு இன்னும் பல மாதம். கம்பி நுழையும் துளைகளில் சீழ் வைப்பது சகஜம். துண்டு போய்ச் சேரும் முனை ஒட்டாமல் அடம்பிடித்தால் மறுபடி அறுவை. ஆனாலும் பெரும்பாலோர் காலை ஊன்றி நடக்கலாம்.

மற்றது பிரான்சின் அறுவை மருத்துவர் மாஸ்கலே 1986இல் தொடங்கியது. இடைவெளியில் மருந்து கலந்த எலும்பு சிமெண்டை (இறுகிப்போகும் ஒருவகைப் பிளாஸ்டிக்) அடைத்து ஆறு முதல் எட்டு வாரம் காத்திருந்தால், அதைச் சுற்றி ரத்த ஓட்டமுள்ள சவ்வு படரும். சவ்வைப் பிளந்து சிமெண்டை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய துகளை நிரப்பித் தைப்பார்கள். மாதக்கணக்கில் வளையத்தோடு தூங்கும் தொல்லை பலருக்கு இல்லை. ஆனால் இடுப்பு எவ்வளவு எலும்பைத்தான் தரும்? உள்ளே கிருமி ஒளிந்திருந்தால் வைத்த துகள் முழுக்கப் பாழ்.

சீழ் அடங்கியதா என்ற சந்தேகம் துளியும் இருந்தால் என் ஓட்டு வளையத்துக்கே. நகரும் துண்டு தன் ரத்த ஓட்டத்தோடு வருகிறது. துகளுக்கு அந்த வசதி கிடையாது. இடைவெளி சிறிது, தோலும் தசையும் நல்ல நிலை, கிருமி அற்றுவிட்டது என்றால் சிமெண்ட் வழி சுகம். புகைபிடிப்பவருக்கு இரண்டுமே தாமதமாகும்.

முடிவை முதல் நாளே எடுக்க வேண்டியதும் இல்லை. சிமெண்டை வைத்து, திசுப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, அந்தச் சவ்வுக்குள்ளேயே எலும்புத் துண்டை வளையத்தால் நகர்த்தும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.