ஸ்ப்ரே பெயின்டா, ஸ்டிக்கரா?

மட்டக்களப்புக் கல்லடியில் வெயிலிலேயே நின்ற என் பழைய வான் வண்டியின் உட்புறப் பிளாஸ்டிக் வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்டது. கதவுப் பலகைக்கு ஸ்ப்ரே பெயின்ட், டாஷ்போர்டின் நடுப்பட்டைக்கு வைனில் ஸ்டிக்கர் என்று இரண்டையும் வீட்டிலேயே செய்துபார்த்தேன்.

ஸ்ப்ரேயில் பெயின்ட் அடிப்பது சின்ன வேலை. அதற்கு முந்திய வேலைதான் பெரிது. பளபளப்புக்காகப் பூசிய சிலிக்கோன் பாலிஷ் துளி மிஞ்சினாலும், பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி மீன்கண் போல வட்டக்குழி விழும். சவர்க்கார நீரில் இரண்டு முறை கழுவுங்கள். பலகையைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள்: 'PP' என்று பொறித்திருந்தால் அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை. அதற்குரிய பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) இல்லாமல் அடித்த பெயின்ட் நகம் பட்டாலே தோலாக உரியும். முகக்கவசம் அணிந்து, முற்றத்தில் வைத்து, மெல்லியதாக 3 பூச்சு அடியுங்கள். இடையிடையே 10 நிமிடமாவது காயட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டக்களப்பில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஈரக்காற்றில் பூச்சு வெண்மை படர்ந்து மங்கிவிடும்.

ஸ்டிக்கருக்கு மழை தடையில்லை. பெயின்ட் நாற்றம் இல்லை, பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். வளைவுகளில் ஹெயார் டிரையரால் சூடாக்கி இழுத்தால் படியும். ஆனால் சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாது.

வழுவழுப்பான பட்டைக்கு ஸ்டிக்கர், கதவுக்கு ஸ்ப்ரே என்பதே என் தேர்வு. ஏர்பேக் மூடிக்கு மட்டும் இரண்டுமே வேண்டாம்; விபத்தில் அது தடையின்றிப் பிளந்து திறக்க வேண்டும்.