சிறிய எம்பி3 பிளேயர்: பாட்டு நின்றுபோனால் முதலில் கார்டைக் கழற்றிப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் இறங்கும் மாதங்களில் இரவுக் காவலுக்குப் போகும் என் தந்தைக்காக, மெமரி கார்டு போட்டுக் கேட்கும் சிறிய எம்பி3 பிளேயர் ஒன்றை இணையத்தில் வாங்கினோம். ஒரு பருவம் முழுவதும் அதைப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். ஒலி தெளிவாக இருக்கிறது. பொத்தான்களை இருட்டில் தடவிப் பார்த்தே அழுத்த முடிகிறது. 3.5 மி.மீ. துளை இருப்பதால் சாதாரண இயர்போனே போதும். ஆனால் நடுவில் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி உடன் வந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. இப்பொருளின் மிகப் பெரிய குறை இதுதான்.

திரையில் சின்னம் மட்டும் தோன்றி அப்படியே நின்றால், பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து நொடிகள் விடாமல் அழுத்தி அணைத்து, கார்டைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். கார்டு இல்லாமல் ஒழுங்காக ஓடினால் கோளாறு பெரும்பாலும் கார்டில்தான் இருக்கும்; எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையைப் பொறுத்தவரை, 32 ஜிபி வரையிலான கார்டுகள் பொதுவாக ஃபேட்32 அமைப்பிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் அமைப்பிலும் வருகின்றன. விலை குறைந்த பிளேயர்கள் பலவற்றால் எக்ஸ்ஃபேட்டைப் படிக்க இயலாது. கார்டில் உள்ளவற்றைக் கணினியில் நகலெடுத்துக்கொண்டு, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, பாடல்களைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்தால், பிளேயரை நிறுத்திவைக்கும் கெட்ட கோப்பு எது என்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் பகுதியில் பலரும் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பதிவுசெய்து வைத்துக் கேட்பவர்கள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஃபேட்32 அமைப்பில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சி.டி. தரத்தில், சுருக்கப்படாத ஸ்டீரியோ வேவ் கோப்பாகப் பதிவுசெய்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி ஆகும். ஏழு மணி நேரக் கூத்து அந்த வரம்பைக் கடந்துவிடுவதால் கார்டில் ஏறவே ஏறாது. அதையே 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் மணிக்கு 58 எம்பிக்குள் அடங்கிவிடும். கட்டியக்காரன் வரவு, ஒவ்வொரு வேடத்தின் திரைவரவு என்று ஆங்காங்கே வெட்டி, 01, 02 என எண்ணிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுப்பது நல்லது. ஏனெனில் இவ்வகைப் பிளேயர்கள் பல, பெயர் வரிசையைப் பார்க்காமல் கார்டில் ஏறிய வரிசையிலேயே பாடும்.

சார்ஜ் விஷயத்தில் இந்தப் பிளேயர் எங்களை மிகவும் குழப்பியது. டைப்-சி துளை இருந்தும், இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவில்லை. மலிவான கருவிகளில் அத்துளைக்குரிய 5.1 கிலோ ஓம் மின்தடைகளை வைக்காமல் விட்டுவிட்டால் எதிர்முனையில் உள்ள டைப்-சி சார்ஜர் மின்சாரம் தராது. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளையும் 5 வோல்ட் சாதாரண சார்ஜரையும் பயன்படுத்தியபோது உடனே ஏறியது. மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த பிளேயராக இருந்தால், அரைமணி நேரம் சார்ஜில் விட்ட பிறகே திரை விழிக்கக்கூடும். அதற்குள் பழுதென்று முடிவுகட்ட வேண்டாம்.

ஒரு காதில் மட்டும் ஒலி கேட்டால் வேறு இயர்போனை மாட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், பிளேயரை அணைத்துவிட்டு, துளையில் படிந்த சட்டைப்பைப் பஞ்சை மெல்லிய தூரிகையால் எடுக்கலாம். ஓரத்தில் ஊசிமுனை அளவுள்ள துளையெல்லாம் ரீசெட் துளையாக இருப்பதில்லை. ஒலிப்பதிவு வசதியுள்ள பிளேயர்களில் அது மைக்காகவும் இருக்கும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஊசியால் குத்த வேண்டாம்.

பின்மூடி புடைத்திருந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது. லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடவோ, குத்தவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது. மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

தமிழில் பெயரிட்ட பாடல்கள் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தமிழ்நாட்டில் விற்கும் கருவியில் தமிழ் எழுத்துரு இருந்தே ஆக வேண்டும். அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளக்கூடியவர்கள், நம்பகமான கடையில் வாங்கிய 32 ஜிபி கார்டுடன் இதைத் தாராளமாக வாங்கலாம்.